வாசல் மூன்று முறை திரும்பிய கவுண்டி: நார்தாம்ப்டனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நார்ஃபோக், வர்ஜீனியா பீச் பக்கம் வேலைக்கு வந்து இறங்கும் நம் ஆட்கள், ஆறு மாதத்துக்குள் எப்படியும் ஒருமுறை செசபீக் விரிகுடாவின் வாயைக் கடக்கும் அந்தப் பெரிய பாலத்தில் ஏறிவிடுகிறார்கள். ஏறி, கடலைத் தாண்டி, மறுகரையில் இறங்கி, 13-ஆம் நெடுஞ்சாலையில் நேராக வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு பக்கமும் சோயா வயலும் பைன் மரமும் பெட்ரோல் பங்கும் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லைப்பா" என்று வந்து சொல்கிறார்கள். நானும் முதல் தடவை அதையேதான் சொன்னேன், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விஷயம் என்னவென்றால், அந்த நெடுஞ்சாலை அந்த ஊருக்குக் கடைசியாக வைத்த வாசல். அதற்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருந்தன. அவை எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று தெரிந்துகொண்டால், ஊர் தானாகத் திறந்துகொள்ளும்.

நான் சொல்வது வர்ஜீனியா மாநிலத்தின் நார்தாம்ப்டன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்மார்வா தீபகற்பத்தின் தென்கோடி வால் இது. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே செசபீக் விரிகுடா, வடக்கே அக்கோமாக் கவுண்டி. மொத்தப் பரப்பு சுமார் 795 சதுர மைல் என்று கணக்கு காட்டினாலும் அதில் நிலம் 212 சதுர மைல்தான், மீதியெல்லாம் தண்ணீர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 12,000 பேர். 1930-இல் 18,500-க்கு மேல் இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

1. வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு படம் வரையுங்கள்

தாளில் மேலிருந்து கீழாக ஒரு நீளமான வாலை வரைந்து, அதை நெடுக்குவாக்கில் மூன்று பட்டையாகப் பிரியுங்கள். கிழக்குப் பட்டைக்கு அங்கத்து ஆட்கள் சொல்லும் பெயர் 'சீசைடு'. மேற்குப் பட்டை 'பேசைடு'. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடுவது கொஞ்சம் மேடான நிலம், ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அதன் மேல்தான் வந்தன. மேடு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். சாவேஜ் நெக் என்ற இடத்தில் விரிகுடாவை ஒட்டி 50 அடி உயர மணல்மேடுகள் இருக்கின்றன, இந்த ஊரில் அதுதான் மலை.

பேசைடில் விரிகுடாவிலிருந்து உப்பங்கழிகள் விரல் விரலாக நிலத்துக்குள் நுழைகின்றன. ஹங்கர்ஸ், நசவாடக்ஸ், செர்ரிஸ்டோன், ஓல்ட் பிளாண்டேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. இரண்டு கழிகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு 'நெக்', அதாவது கழுத்து. சீசைடில் கதை வேறு. முதலில் சதுப்பு, அப்புறம் ஆழமில்லாத களப்பு, அதற்கும் அப்பால்தான் வரிசையாகத் தடுப்புத் தீவுகள், தீவுகளைத் தாண்டித்தான் உண்மையான கடல். அதனால்தான் கடற்கரைக் கவுண்டி என்று நம்பி வருகிறவர்கள், கிழக்கே எந்தச் சாலையைப் பிடித்துப் போனாலும் அலையைப் பார்க்காமல் கோரைப்புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அலை வேண்டுமென்றால் படகு வேண்டும்.

2. காலடியில் இருப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் பக்கத்தை மூடிவிடுவார்கள், தெரியும். ஆனால் இங்கே அது சுவாரசியமானது. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் ஒன்று வந்து விழுந்து 85 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. அந்தப் பள்ளத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இன்றைய கேப் சார்லஸ் ஊருக்குக் கீழே இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, வண்டல் மூடிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில்தான் இப்படி ஒன்று இருப்பதையே புவியியலாளர்கள் உறுதி செய்தார்கள். 2005-06-இல் கவுண்டிக்குள்ளேயே ஐர்வில் என்ற இடத்தில் 1.7 கிலோமீட்டருக்கு மேல் துளை போட்டுச் சோதனைக்குப் பாறைத் துண்டுகளை எடுத்தார்கள்.

இந்த வால் முழுக்கவே கடல் கொண்டுவந்து போட்ட மணல்நாக்கு. கடல் ஏறி இறங்கிய ஒவ்வொரு சுற்றிலும் அது தெற்கே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது சஸ்குவஹானா ஆறு இந்த வழியாக ஓடித்தான் கடலில் சேர்ந்தது. அந்தப் பழைய ஆற்றுத்தடங்கள் இப்போது மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு எக்ஸ்மோர், ஈஸ்ட்வில், கேப் சார்லஸ் என்று இந்தச் சின்ன ஊர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மணல்நாக்கு நீள நீள, ஆறும் தன் வாயைத் தெற்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது.

வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வருகிறவர்களுக்கு இதில் நேரடியான செய்தி உண்டு. இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது, அணை கிடையாது. குடிப்பது எல்லாம் மழை ஊறி இறங்கிய நிலத்தடி நீர், அதற்குக் கீழேயும் இரண்டு பக்கமும் உப்பு. கிணற்றின் ஆழம் என்ன, தண்ணீரைச் சோதித்த தாள் எங்கே என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ள வரைபடத்தில் அந்த மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். சதுப்பு ஓரமாகப் பட்டுப்போய் வெள்ளையாக நிற்கும் பைன் மரங்கள் கண்ணில் பட்டால், உப்புத்தண்ணீர் அங்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

3. முதல் நிறுத்தம் ஈஸ்ட்வில்

எல்லோரும் முதலில் கடற்கரைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஈஸ்ட்விலுக்குப் போங்கள். நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் ஒதுங்கிய குட்டி ஊர், கவுண்டியின் தலைமையிடம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் நீதிமன்றக் கட்டடமும், கடன் கட்டாதவர்களை அடைத்த சிறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் அங்கே உண்மையான சொத்து காகிதம்தான். 1632 முதல் அறுபடாமல் வரும் நீதிமன்றப் பதிவேடுகள் இங்கே இருக்கின்றன, அமெரிக்காவில் தொடர்ச்சியாக இருப்பவற்றில் இவைதான் மிகப் பழையவை. வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில் போரிலும் தீயிலும் பதிவுகள் போய்விட்டன. இங்கே தப்பித்தன.

அந்தப் பதிவேடுகளுக்கு முன்னால் இருந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த இடத்துக்குப் பெயர் அக்கோமாக். தண்ணீருக்கு அப்பால் இருக்கும் இடம் என்பதுபோல் அதற்குப் பொருள் சொல்கிறார்கள், அதாவது நம் 'அக்கரை'. கேட்பதற்கும் கொஞ்சம் அப்படியே இருக்கிறது என்பது வெறும் தற்செயல், யாரும் இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். 1608-இல் கேப்டன் ஜான் ஸ்மித் விரிகுடாவைச் சுற்றி வந்தபோது இங்கே இறங்கினார். இந்தக் கரையின் தலைவர் டெபடேவன் வந்தவர்களோடு இணக்கமாக இருந்தார், ஆங்கிலேயர் அவரைச் 'சிரிக்கும் அரசன்' என்றார்கள். 1614-இல் விரிகுடாவுக்கு அப்பால் ஆங்கிலேயர் குடியேறியிருந்த ஜேம்ஸ்டவுனிலிருந்து உப்புக் காய்ச்சவும் மீன் பிடிக்கவும் ஆட்களை இங்கே அனுப்பினார்கள், குடியேற்றம் அப்படித்தான் தொடங்கியது. அந்த இணக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்ன? கிங்காஸ்கின் என்று அழைக்கப்பட்ட மிச்ச மக்களுக்கு ஈஸ்ட்வில் அருகே ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்கள், 1813-இல் சட்டம் போட்டு அதையும் பங்கு பிரித்தார்கள், 1831 வாக்கில் அதுவும் அநேகமாகக் கைமாறிவிட்டது.

நிர்வாகக் கதை சுருக்கமாக: 1634-இல் வர்ஜீனியாவை எட்டு ஷயர்களாக, அதாவது கவுண்டிகளாக, பிரித்தபோது இதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் பெயர் நார்தாம்ப்டன் ஆனது. 1663-இல் வடபாதி பிரிந்து பழைய பெயரை எடுத்துக்கொண்டு அக்கோமாக் கவுண்டி ஆனது. பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயரைத் தேடும்போது இது குழப்பும். இன்று அக்கோமாக்கில் இருக்கும் இடத்தின் வழக்கு நார்தாம்ப்டன் பதிவேட்டில் கிடக்கும்.

அப்படி ஒரு வழக்குதான் நான் எல்லோருக்கும் சொல்வது. 1621-இல் 'அந்தோனியோ' என்ற பெயரில் இந்தக் காலனிக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர், பின்னால் விடுதலை பெற்று அந்தோனி ஜான்சன் ஆகி, 1651-இல் 250 ஏக்கருக்குச் சொந்தக்காரராக இருந்தார். அவரிடம் வேலை செய்த ஜான் கேசர் என்ற இன்னொரு கறுப்பர், "என் ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, என்னை விடமாட்டேன் என்கிறார்" என்று பக்கத்து வெள்ளைக்காரப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். வழக்கு இந்த நீதிமன்றத்துக்கு வந்தது. 1655-இல் தீர்ப்பு: கேசர் ஜான்சனுக்கு ஆயுள் முழுக்க உரியவர். குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை ஆயுளுக்கும் இன்னொருவருக்கு உடைமையாக்கிய சிவில் தீர்ப்புகளில் இது மிக ஆரம்பகாலத்தது. கறுப்பர் ஒருவர் நிலம் வைத்திருந்து, வழக்குப் போட்டு, ஜெயித்த கதை என்று பார்ப்பதா, கதவு சாத்தப்பட்ட முதல் சத்தம் என்று பார்ப்பதா என்று எனக்கு இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஜான்சன் குடும்பம் 1660-களில் மேரிலாந்து பக்கம் போய்விட்டது. 1705-இல் வர்ஜீனியா அடிமைச் சட்டங்களைத் தொகுத்தபோது கதவு முழுசாகச் சாத்திவிட்டது.

இன்னும் இரண்டு தகவல், விரைவாக. காலனிகளில் பத்திரம், காகிதங்களுக்கு வரி போட்ட பிரிட்டனின் முத்திரைச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது, யாரையும் கட்டுப்படுத்தாது என்று 1766 பிப்ரவரியிலேயே இந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த நூற்றாண்டில், உள்நாட்டுப் போரின்போது லிங்கன் 1863-இல் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தில் விலக்கு அளிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் 'நார்தாம்ப்டன்' என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஏற்கெனவே வடவர் படையின் பிடியில் இருந்த பகுதி என்பதால், எதிரி மண்ணுக்கான அந்தப் பிரகடனம் இங்கே செல்லவில்லை. வர்ஜீனியாவின் வடவர் ஆதரவு அரசு 1864-இல் அடிமை முறையை ஒழிக்கும் வரை இங்கே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். சரி, அலுவலகத்தில் பதிவேடு பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் போங்கள், சனி ஞாயிறு பூட்டியிருக்கும்.

4. முதல் வாசல்: கழியைப் பார்த்த வீடுகள்

ஈஸ்ட்விலிலிருந்து மேற்கே ஏதாவது ஒரு நெக்கில் வண்டியை விடுங்கள். வயல் நடுவே நீண்ட மண்பாதை, அதன் முடிவில் பெரிய பழைய வீடு. சாலையிலிருந்து பார்க்கிறவர்கள் பார்ப்பது அந்த வீட்டின் முதுகை. முகம் கழியைப் பார்த்து இருக்கும். 1600-களிலும் 1700-களிலும் விருந்தாளியும் வரி வாங்குகிறவரும் புகையிலை ஏற்றிப்போகிறவரும் படகில்தான் வந்தார்கள், அதனால் தலைவாசல் தண்ணீர்ப் பக்கம். பெரும்பாலான வீடுகள் தனியார் சொத்து, உள்ளே நுழைந்துவிடாதீர்கள். ஏப்ரலில் வர்ஜீனியா முழுக்கப் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் திறந்துவிடும் ஒரு வாரம் உண்டு, அந்தச் சமயத்தில் போனால் உள்ளேயும் பார்க்கலாம்.

தெற்கே ஓல்ட் பிளாண்டேஷன் கழியோரம் ஆர்லிங்டன் என்ற இடம். வாஷிங்டன் நகரத்துக்கு எதிரே இருக்கும் புகழ்பெற்ற ஆர்லிங்டனுக்கு மூலப்பெயர் இதுதான். இங்கே இருந்த கஸ்டிஸ் குடும்பத்தின் வாரிசு ஒருவர் போட்டோமேக் கரையில் மாளிகை கட்டி, பூர்விக வீட்டின் பெயரை அதற்கு வைத்தார். மூல வீடு எப்போதோ போய்விட்டது, கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. அதில் 1749-இல் இறந்த ஜான் கஸ்டிஸின் கல்லைப் படிக்காமல் திரும்பாதீர்கள். இவருடைய மகன்தான், பின்னால் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்த மார்த்தாவின் முதல் கணவர். மனிதருக்கு மனைவியோடு ஒத்துப்போகவே இல்லை. 71 வயது ஆயுள் என்றாலும் தான் உண்மையில் வாழ்ந்தது ஏழே வருடம்தான், ஆர்லிங்டனில் தனிக்கட்டையாக இருந்த அந்த ஏழு வருடம், என்று தன் கல்லிலேயே பொறிக்க உத்தரவிட்டுவிட்டுப் போயிருக்கிறார். செத்தும் சண்டையை விடவில்லை.

5. இரண்டாவது வாசல்: ரயில்

1884. பென்சில்வேனியாக்காரர்கள் இரண்டு பேர், ரயில்வே அதிகாரி அலெக்சாண்டர் கசாட், பணக்காரர் வில்லியம் ஸ்காட், தீபகற்பத்தின் நடு முதுகில் தண்டவாளம் போட்டார்கள். அது கடலைத் தொட்ட இடத்தில் துறைமுகம் வெட்டி, வயல்வெளியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஓர் ஊரையும் உண்டாக்கினார்கள், அதுதான் கேப் சார்லஸ். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் என்று வர்ஜீனியா பெரியவர்களின் பெயர், குறுக்குத் தெருக்களில் பலவற்றுக்கு ஸ்ட்ராபெரி, பீச், பிளம், ஃபிக் என்று பழங்களின் பெயர். நியூயார்க் பக்கத்திலிருந்து வரும் ரயில் இங்கே நின்றுவிடும். பயணிகள் நீராவிக் கப்பலில் ஏறுவார்கள், சரக்குப் பெட்டிகளை அப்படியே மிதவையில் ஏற்றி நார்ஃபோக்குக்கு இழுத்துப் போவார்கள்.

அந்த நாளிலிருந்து வீடுகளின் முகம் கழியை விட்டு முதுகெலும்புப் பக்கம் திரும்பியது. எக்ஸ்மோர், நசவாடக்ஸ், மச்சிப்பாங்கோ, செரிட்டன் எல்லாம் ரயிலடி ஊர்களாக எழுந்தன. இன்று தோண்டிய உருளைக்கிழங்கு நாளைக்கு வடக்கத்தி நகரச் சந்தையில். உருளையும் சக்கரைவள்ளியும் பணத்தைக் கொட்டின. 1900-இல் விவசாயிகள் சேர்ந்து கூட்டு விற்பனை அமைப்பு ஒன்றையே இந்தக் கரையில் தொடங்கினார்கள். கேப் சார்லஸில் இன்று நீங்கள் படம் எடுக்கும் அழகான வராண்டா வீடுகள் அநேகமாக எல்லாமே உருளைக்கிழங்குக் காசும் ரயில் சம்பளமும்தான். 1930-இன் 18,500 பேர் அந்தக் காலத்தின் உச்சம். பிறகு பெருமந்தம் வந்தது, விலை விழுந்தது, லாரி வந்தது. தண்டவாளம் மட்டும் சரக்குக்காக இழுத்துப் பிடித்து 2018 வரை ஓடியது. இப்போது அந்தப் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், தென்முனையில் ஒரு பகுதி ஏற்கெனவே தயார், குழந்தைகளோடு போக நல்ல இடம்.

நடைமுறைக் குறிப்பு: 13-இல் போகும்போது கேப் சார்லஸுக்கு 184-ஆம் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். மணற்கரை விரிகுடாவைப் பார்த்தது, வெகுதூரம் முழங்கால் ஆழம்தான், அலை இல்லை, சூரியன் தண்ணீரில் இறங்கும். கோடை வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் புலம்புவீர்கள், செப்டம்பரில் போங்கள்.

6. சீசைடு: அட்டவணை இல்லாமல் இறங்காதீர்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் என் தவறு இங்கேதான். ஆய்ஸ்டர் என்ற மீனவ ஊரில் கயாக்கை இறக்கினேன். காலை, நிறை ஓதம் (கடல்நீர் முழுசாக ஏறி நிற்கும் நேரம்), கண்ணாடி மாதிரி தண்ணீர், இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுக் கோரைக்குள் போய்விட்டுத் திரும்பினால் வந்த வழியையே காணோம். தண்ணீர் இருந்த இடத்தில் பளபளவென்று சேறு. ஓதம் வற்றி மறுபடி ஏறும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன், பச்சைத்தலை ஈக்கள் வயிறாரச் சாப்பிட்டுப் போயின. சீசைடில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கு மேல், களப்பின் ஆழமே பல இடங்களில் அவ்வளவுதான். ஆக, ஓத அட்டவணை பாருங்கள், ஏறும் ஓதத்தில் புறப்படுங்கள், இறங்கி நடக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சேறு தொடைவரை இழுக்கும். நீளக் கை சட்டை, கொசு மருந்து, தேவையைப் போல இரண்டு மடங்கு குடிநீர்.

தீவுகளுக்கு வருவோம். ஹாக் தீவில் பிராட்வாட்டர் என்று ஒரு ஊரே இருந்தது. நல்ல நாளில் ஏறத்தாழ 250 பேர், பள்ளிக்கூடம், தேவாலயம், கலங்கரை விளக்கம். அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் வாத்து சுட வந்து போன ஊர். பக்கத்துக் காப் தீவில் மாசசூசெட்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம், கரைதட்டிய கப்பல்களிலிருந்து பொருள் மீட்டுப் பணம் பண்ணி, வேட்டைக்காரர்களுக்கு ஹோட்டல் நடத்தியது. 1890-களின் புயல்களில் ஹோட்டல் போனது. பிராட்வாட்டருக்கு 1933 ஆகஸ்ட் புயல் சாவுமணி. தீவு வருடா வருடம் தேய்ந்து, கடல் வாசலுக்கு வர, மக்கள் வீடுகளைப் பெயர்த்து மிதவையில் ஏற்றி வில்லிஸ் வார்ஃபுக்கும் ஆய்ஸ்டருக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். கிராமம் இருந்த இடம் இப்போது கடலுக்கு அடியில். கலங்கரை விளக்கத்தின் பெரிய கண்ணாடி வில்லை மட்டும் தப்பி, போர்ட்ஸ்மத் நகரக் கரையில் காட்சிக்கு இருக்கிறது. மச்சிப்பாங்கோவில் பழைய ஏழைகள் விடுதிக் கட்டடத்தில் தீவுகளுக்கென்று அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், ஆய்ஸ்டருக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

அதே 1930-களில் தண்ணீருக்குள்ளும் ஒரு சாவு நடந்தது. நோயும் புயலும் சேர்ந்து களப்பின் கடல்புல்லை அடியோடு அழித்தன, அதை நம்பியிருந்த ஸ்காலப் சிப்பியும் போனது. எழுபது வருடம் வெறும் சேறு. 1990-களின் கடைசியில் வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தினர் சில துண்டுப் புல் தென்பட்டதைப் பார்த்து, விதை சேகரித்து வீச ஆரம்பித்தார்கள். 7 கோடிக்கு மேல் விதைகள் போட்டு, இன்று சுமார் 9,000 ஏக்கர் பச்சை. உலகில் இந்த அளவுக்கு மீண்ட இடம் வேறு இல்லை என்கிறார்கள். அதற்கும் முன்பே, 1960-களின் முடிவில் தென் தீவுகளில் பெரிய உல்லாச நகரம் கட்டத் திட்டம் வந்தபோது, 'நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பு தீவுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. அதனால்தான் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இவ்வளவு நீளத்துக்கு ஒரு ஹோட்டல்கூட இல்லாத தீவு வரிசை. பகலில் போய்வர பல தீவுகளில் அனுமதி உண்டு, இரவு தங்கக்கூடாது, நாய் கூடாது, பறவைகள் மணலில் முட்டையிடும் பருவத்தில் சில இடங்களை மூடிவிடுவார்கள். ஷிப் ஷோல் தீவில் இறங்கவே கூடாது, ராணுவம் பயிற்சிக்குப் போட்ட குண்டுகள் வெடிக்காமல் கிடக்கின்றன.

7. மூன்றாவது வாசல்: பாலம்

1964 ஏப்ரல் 15-இல் 28 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தது. கடற்படைக் கப்பல்கள் போகும் இரண்டு தடங்களில் பாலம் தண்ணீருக்குள் முங்கிச் சுரங்கமாகி மறுபடி எழும். அதற்கு முன் கார்களை ஏற்றிப்போன படகுத்துறை 1950 வரை கேப் சார்லஸில், பிறகு தெற்கே கிப்டோபீக்கில். அங்கே அலை தடுப்புக்காக இரண்டாம் உலகப்போர் காலத்து கான்கிரீட் கப்பல்கள் ஒன்பதை வரிசையாக மூழ்கடித்தார்கள். ஆமாம், கான்கிரீட்டில் கப்பல், போரில் எஃகு பஞ்சம். இன்று அது மாநிலப் பூங்கா, துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு பெலிக்கன்கள் உட்கார்ந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வலசை போகும் பருந்துகள் கடலைத் தாண்டத் தயங்கி இந்த முனையில் குவியும், தொலைநோக்கி கொண்டுபோங்கள்.

பாலத்துக்கான கான்கிரீட் பாகங்களை வார்த்தது எங்கே தெரியுமா? கேப் சார்லஸில். தன் துறைமுகத்தைக் கொன்ற பாலத்துக்கு அந்த ஊரே கூலி வாங்கிக்கொண்டு தூண் வார்த்துக் கொடுத்தது. பாலம் திறந்ததும் எல்லா வண்டியும் 13-இல் ஊரைத் தொடாமல் பறந்தது. பெயின்ட் அடிக்கக்கூடக் காசில்லாமல் போனதால்தான் பழைய வீடுகளை யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. அதே வீடுகளைத்தான் இப்போது ரிச்மண்டிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் வருகிறவர்கள் ஏலம் கேட்பதுபோல் விலை கேட்கிறார்கள்.

பாலத்தில் கட்டணம் கொஞ்சம் வலிக்கும். ஈ-இசட் பாஸ் (வண்டியில் ஒட்டும் சுங்கக் கட்டணக் கருவி) வைத்திருந்து 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் திரும்பும் பயணத்துக்குத் தள்ளுபடி. காற்று 40 மைல் வேகத்தைத் தாண்டினால் கூரை மேல் சாமான் கட்டிய வண்டிகளை விடமாட்டார்கள், கயாக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் முந்தின இரவே வானிலை பாருங்கள்.

8. ஆட்களோடு பேசுவது

அங்கே இரண்டு ஜாதி மனிதர்கள்: இங்கேயே பிறந்த 'ஃப்ரம்-ஹியர்', வெளியிலிருந்து வந்த 'கம்-ஹியர்'. முப்பது வருடம் குடியிருந்தாலும் நீங்கள் 'கம்-ஹியர்'தான், அதைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்களில் மூன்றில் ஒருவர் கறுப்பர், அவர்களில் பலருடைய வேர் அந்த ஈஸ்ட்வில் பதிவேடு அளவுக்கே பழையது. வராண்டா வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். செரிட்டன் அருகே பேவியூ என்ற கறுப்பர் குடியிருப்பில் 1990-களில்கூட வீட்டுக்குள் குழாயும் கழிவறையும் இல்லாமல் இருந்தார்கள். பக்கத்தில் பெரிய சிறைச்சாலை கட்ட வந்தபோது அவர்கள் கூடி எதிர்த்துத் தடுத்து, அந்த வேகத்திலேயே நிதி திரட்டி குடியிருப்பைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு வேலை என்று பார்த்தால் தக்காளி, சோயா, கோழி, அப்புறம் மட்டி வளர்ப்பு. கடைகளில் 'செர்ரிஸ்டோன்' என்று மட்டி விற்கிறதே, அந்தப் பெயர் இங்கத்துக் கழியின் பெயர்தான்.

குடியேற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நசவாடக்ஸில் இருந்த மருத்துவமனை 2017-இல் வடக்கே அக்கோமாக் கவுண்டிக்குப் போய்விட்டது. தென்கோடியில் வீடு பார்த்தால் அவசரத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மளிகைக்கு இருக்கும் கடைகள் சில, நம் ஊர் மசாலாவுக்குப் பாலம் தாண்டத்தான் வேண்டும்.

பேச்சு எப்படி ஆரம்பிப்பது என்றால், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேப் சார்லஸுக்குக் கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வில்லிஸ் வார்ஃபில் படகுத்துறையோரம் பெரியவர்கள் யாராவது இருந்தால், எந்த வீடு தீவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் இரண்டு வீடுகளைக் காட்டினார், மூன்றாவது எது என்பதில் பக்கத்தில் இருந்தவரோடு சண்டை பிடித்தார், சண்டை முடிவதற்குள் எனக்கு 24 மணி நேரத் தள்ளுபடி போய்விட்டது.